வலேரியாவின் கல்

நான் வேலை பார்த்த கம்பெனியின் சாம்பிள் ரூமில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சிறுமியின் பனியன் மாட்டியிருக்கிறது. வெள்ளைத் துணி. நெஞ்சுப் பகுதியில் சாம்பல் நிறக் கல் ஒன்று. கல்லில் ஒரு பெண் குழந்தை புறாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் கீழே நான்கு வரி சிவப்பு எழுத்து. புதிதாகச் சேரும் ஆட்களை அதன் முன்னால் நிறுத்தி, "இது கையால ஓட்டுன பிரிண்ட்டுங்க, மெஷின் இல்ல" என்று காட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

போன மாதம் டிஜிட்டல் மெஷின் வந்து இறங்கியதற்காகச் சின்னதாக ஒரு விருந்து வைத்தார்கள். ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் பிரிண்டிங் செக்‌ஷன் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பாய், அந்த ரோமன் பிரிண்ட் எப்படிப் போட்டீங்கன்னு சொல்லுங்க. அந்த மாதிரி ஷார்ப்பு இந்த மெஷின்லயே வரலீங்க" என்றார்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெரிய மனுஷன் அப்படி ஓடி வந்தது மரியாதை இல்லை. நேரில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

என் பெயர் ரஹீம். பத்தாவது தாண்டாமல் திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம், சாயத்தைத் துணியில் இறக்குகிற வலைச்சட்டமான ஸ்கிரீனைக் கழுவியதைத் தவிர வேறு வேலை கிடையாது. மாஸ்டர் சிவகாசிக்காரர். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "ஃபிலிம்ல இருக்கது துணியில இருக்கணும். இல்லாதது இருக்கக் கூடாது. என்ன எழுதியிருக்குன்னு பாக்காத, எப்படி எழுதியிருக்குன்னு பாரு." நாங்கள் ஜெர்மன் எழுத்து அடித்தோம், டேனிஷ் எழுத்து அடித்தோம், இன்ன பாஷை என்றே தெரியாத எழுத்தெல்லாம் அடித்தோம். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி நின்றால் நல்ல பிரிண்ட். அவ்வளவுதான் என் படிப்பு.

பிறகு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வந்தேன். கடைசியில் பிரிண்டிங் இன்சார்ஜ் ஆனேன். அங்கே முதலாளி சின்னச்சாமி. மூலனூர்ப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம். ஆளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலைக்காரனிடம் பேசும்போது உட்கார மாட்டார். நாம் உட்கார்ந்திருந்தால் எழவும் விடமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, மேஜைமேல் கிடக்கும் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே பேசுவார். கோபம் வந்தால் டீ சொல்லுவார். "பாய், டீ குடிங்க" என்றாலே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினம் அவர் வீட்டிலிருந்து இட்லி வந்தது. சில நாள் தூக்குப் போசியை அவரே கொண்டுவந்தார். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாகாது.

அந்த ஆர்டர் ஐரோப்பாவின் வடபக்கத்து நாடு ஒன்றிலிருந்து வந்தது. சின்னப் பெண்களுக்கான பனியன். பழைய ரோம் நாட்டை வைத்து ஒரு கலெக்‌ஷன் செய்யப் போவதாகச் சொன்னார்கள். படம் அவர்களுடைய டிசைனர் கொடுத்தது. ஏதோ மியூசியத்துக் கல்லின் போட்டோவை நெட்டில் எடுத்து, எழுத்துக்குச் சிவப்பு ஏற்றி அனுப்பியிருந்தார். புறா பிடித்த குழந்தை அழகாக இருந்தாள். கன்னம் உப்பலாக, தலைமுடி சுருள் சுருளாக இருந்தது. எங்கள் செக்கிங் பெண்கள் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துவிட்டு, "ஐ, நம்ம ஊட்டுப் புள்ள மாதிரியே இருக்குது" என்றார்கள்.

வேலை சாதாரணமில்லை. கல்லின் சொரசொரப்பு துணியில் தெரிய வேண்டும். அதற்குப் படத்தைப் பொடிப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். புள்ளி பெரிதானால் கல் அழுக்கு மாதிரி தெரியும். சிறிதானால் சலவையில் கரைந்துபோகும். எழுத்துகளோ கல்லில் வெட்டிய எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நிழல் உண்டு. நிழலுக்கு ஒரு ஸ்கிரீன், சிவப்புக்கு ஒரு ஸ்கிரீன், கல்லுக்கு இரண்டு. நான்கும் ஒரு மயிரிழைகூட விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அதுவும் இழுத்தால் நீளும் பனியன் துணியில். மருந்து பூசிய ஸ்கிரீனை இருட்டு அறையில் காயவைத்து, ஃபிலிமை ஒட்டி, லைட் கொடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன். எங்கேயாவது ஊசிக்கண் விழுந்திருந்தால் அதை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகச் சாயம் இறங்கித் துணியில் பொட்டு விழும்.

அப்படிப் பார்த்தபோது, எழுத்துகளுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. ஃபிலிமில் தூசி விழுந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுத்தான் முதல் சாம்பிள் ஓட்டினேன். அப்ரூவலுக்குப் போன சாம்பிள் ரிஜெக்ட் ஆகித் திரும்பியது. புள்ளிகளைக் காணோம், ஆர்ட்வொர்க்கில் உள்ளபடியே வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த பையர் எழுதியிருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவை தூசி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் முக்கோணமாக இருந்தது. யாரோ உளியால் நிதானமாக வெட்டியவை. மாஸ்டர் சொன்னதை மறந்து, ஃபிலிமில் இருந்ததைத் துணியில் இல்லாமல் செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. புது ஸ்கிரீன் போட்டேன். அந்த முக்கோணங்கள் முனை மழுங்காமல் வரும்வரை நான்கு தடவை ஸ்கிரீனை மாற்றினேன். இரண்டாவது சாம்பிள் ஒரு குறையும் சொல்லாமல் பாஸ் ஆனது. முதலாளி வந்து துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கல்லத் தொட்ட மாதிரியே இருக்குதுங்க பாய்" என்றார். என் சர்வீஸில் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்த நாள் வேறு இல்லை.

சரக்கு முழுக்கத் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் போட்ட பிறகு கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு பாவ்லா வந்தார்.

பாவ்லா இத்தாலிக்காரர். பையருக்காகத் தரம் பார்க்கும் ஏஜென்சியில் இருந்தார். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பெட்டியை அவர்தான் தேர்ந்தெடுப்பார். நாம் எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார். உடுப்பை முதலில் உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்த பிறகுதான் வெளிப்பக்கம் பார்ப்பார். எனக்குக் கம்பெனி இங்கிலீஷ் வரும் என்பதால் அவர் வந்தால் நான்தான் கூட நிற்பேன். அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆர்டரின் சாம்பிள் பாஸ் ஆனபோது பாவ்லா லீவில் ஊருக்குப் போயிருந்தார். அதனால் படத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். பனியனை உள்பக்கம் புரட்டினார், தையலை இழுத்துப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார். பிறகு வெளிப்பக்கம் திருப்பி மேஜைமேல் விரித்தார். நான் பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் உதடுகள் அசைந்தன. எழுத்தின்மேல் விரலை வைத்து, வரி வரியாகக் கீழே போனார். கடைசி வரி முடிந்ததும் பனியனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏதாவது டிஃபெக்ட்டா மேடம்? கலர் விலகியிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை ரஹீம். பிரிண்ட் ரொம்ப நன்றாக இருக்கிறது. இதைத் தேர்ந்தெடுத்தது யார்?"

"பையருடைய டிசைனர்."

"இது கல்லறை. இறந்துபோன ஒரு குழந்தையின் கல்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். அவர் பனியனை மறுபடி விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். மேலே தனியாக நிற்கிற இரண்டு எழுத்து, டி, எம். அது இறந்தவர்களின் ஆவிகளுக்கு என்பதன் சுருக்கம். ரோமானியர் கல்லறைகளில் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குமாம். அடுத்தது பெயர். "வலேரியா. கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறதே, அது வலேரியாவுக்கு என்று சொல்வதற்காக" என்றார். நம் தமிழில் 'உக்கு' போடுகிறோமே, அப்படி. அதற்கும் கீழே வாழ்ந்தாள், வருடம் என்று இரண்டு சொல்லைச் சுருக்கி வெட்டியிருந்தது. பக்கத்தில் ரோமன் எண்ணில் ஆறு. கடைசி வரியில் பெற்றோர், மிகவும் இனிய மகளுக்கு என்று இருந்தது. இனிய என்றால் வெறும் நல்ல என்று அர்த்தமில்லையாம். "சர்க்கரை. நாக்கில் படுகிற இனிப்பு" என்றார். நாம் பிள்ளையைத் தங்கம் என்போம். அவர்கள் சர்க்கரை என்றிருக்கிறார்கள்.

"இந்தப் புள்ளிகள்?" என்று கேட்டேன்.

"சொல்லையும் சொல்லையும் பிரிக்க. அவர்கள் இடம் விட்டு எழுத மாட்டார்கள், புள்ளி வைப்பார்கள். நீங்கள் எல்லாப் புள்ளியையும் சரியாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிவப்புகூடச் சரிதான். வெட்டிய எழுத்துக்குள் சிவப்புச் சாயம் பூசுவார்கள், தூரத்திலிருந்து தெரிவதற்கு. இப்போது மியூசியத்தில் இருக்கிற கற்களில் பெரும்பாலும் சாயம் போய்விட்டது."

அவர் மடியில் இருந்த பனியனின் கழுத்து லேபிளில் சைஸ் தெரிந்தது. ஆறு வயது. அதை அவரும் பார்த்தார். நான் குனிந்து கீழே கிடந்த நூலைப் பொறுக்குவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா கல்தச்சனுக்குப் பக்கத்தில் நின்று, பேர் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நான் அதே எழுத்தை ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டு ஷார்ப்பாக இருக்கிறது என்று பூரித்துப் போயிருந்தேன்.

முதலாளி வந்தார். பாவ்லா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஆர்ட்வொர்க் அவங்களுது. சாம்பிளப் பாஸ் பண்ணுனதும் அவங்கதான். நாங்க சொன்னபடி செஞ்சிருக்கோம்" என்றார். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பாவ்லாவும் ஒப்புக்கொண்டார். "உங்கள்மேல் தப்பு இல்லை. ஆனால் ஐரோப்பாவில் பள்ளிக்கூடத்தில் இந்த லத்தீன் படித்தவர்கள் எத்தனையோ பேர். கல்லறைக் கல்லைத் தன் குழந்தைக்கு மாட்டிவிட எந்தத் தாய் சம்மதிப்பாள்?" என்று கேட்டார். ரிப்போர்ட் போனது. பையரும் பதறிப்போனார். துணிக்கு உண்டான செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்வதாகவும், சரக்கை ஒன்று விடாமல் வெட்டி அழித்துவிட வேண்டும் என்றும், புதிதாகப் பட்டாம்பூச்சிப் படம் போட்டு அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பாவ்லா கொடுமணல் பார்க்க வேண்டும் என்றார். முதலாளி காரைக் கொடுத்து என்னைத் துணைக்கு அனுப்பினார். எங்கள் ஊரைத் தாண்டி ஓடுகிற நொய்யல் ஆற்றின் கரையில் இருக்கிற ஊர். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வழி தெரியவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்பதும் தெரியவில்லை. இத்தாலியிலிருந்து வந்தவர் செல்போனில் வழி பார்த்துச் சொல்ல, நான் டிரைவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

காட்டுக்குள் வட்டம் வட்டமாகக் கற்கள் நட்டிருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அதுங்களா? செத்தவங்களப் பொதச்ச எடமுங்க. அந்தக் காலத்துது" என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். பாவ்லா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு வட்டத்துக்குள்ளும் கால் வைக்காமல் சுற்றிச் சுற்றியே நடந்தார். நடந்துகொண்டே சொன்னார். இங்கே கல்லை அறுத்து மணி செய்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பச்சைக்கல் கப்பலேறி ரோம் வரைக்கும் போயிருக்கிறது. ரோம் நாட்டு வெள்ளிக்காசு உங்கள் ஊர்த் தோட்டங்களில் குடம் குடமாகக் கிடைத்திருக்கிறது. தோண்டியெடுத்த பானை ஓடுகளில் சாதாரண ஜனங்கள் தங்கள் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள். "ராஜா பேர் இல்லை ரஹீம். பானைக்குச் சொந்தக்காரன் பேர்."

"அப்பவே எங்க ஊரு எக்ஸ்போர்ட் ஊரா மேடம்?" என்று கேட்டேன். "ரிஜெக்‌ஷன் ஆன மணியை என்ன செஞ்சிருப்பாங்க?"

அவர் சிரித்துவிட்டார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆற்றங்கரைக்குப் போனோம். போயிருக்க வேண்டாம். தண்ணீர் என்ன நிறம் என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பாவ்லா கையை மூக்குக்குக் கொண்டுபோனார். நான் பார்ப்பதைக் கண்டதும் கையைக் கீழே இறக்கிவிட்டார். இத்தனை வருடம் ஸ்கிரீன் கழுவி ஊற்றியவன் நான். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு நாளும் யோசித்தவனில்லை. விருந்தாளியைத் தாத்தன் பூட்டன் வீட்டுக்குக் கூட்டிப்போய் சாக்கடையில் உட்காரவைத்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது காரில் கேட்டார். "நான் செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போகிறேன். எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள்தானே?"

"நானே நின்னு பாக்கறேன் மேடம்."

"போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது எங்கள் வழக்கம். உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் சொன்னால் போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வெட்டினார்கள். பின்பக்க ஷெட்டில் கட்டுக் கட்டாக அடுக்கி, துணி வெட்டும் மெஷினில் கொடுத்தார்கள். வெட்டிய துண்டுகள் மெஷின் துடைக்கும் வேஸ்ட்டாகப் போகும். முதல் கட்டை மேஜையில் வைத்தபோது பிளேடு நேராகக் குழந்தையின் முகத்துக்கு வந்தது. "அங்க வேண்டாம், கொஞ்சம் தள்ளி வெட்டுங்க" என்றேன். வெட்டுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க வெட்டுனா என்னங்க பாய், வேஸ்ட்டுதானுங்களே" என்றார். ஆனாலும் தள்ளி வெட்டினார்.

நாலைந்து கட்டு முடிந்திருக்கும். முதலாளி வந்தார். "ஏனுங்க பாய், ஜும்மாவுக்கு நேரமாச்சுங்களே? நீங்க போங்க. மிச்சத்த ஆளுங்க பாத்துக்குவாங்க" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த முகம் திரும்பத் திரும்பப் பிளேடுக்கு முன்னால் வருவதைப் பார்க்க முடியவில்லை. போய்விட்டேன். தொழுதுவிட்டு வந்தபோது ஷெட் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. மூலையில் வேஸ்ட் மூட்டைகள் கொஞ்சம் கிடந்தன. அவ்வளவு சரக்குக்கு அந்த மூட்டைகள் போதாது. அது எனக்குத் தெரியாதா? துணியோடு பொழங்கியவன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாவ்லாவுக்கு, 'முடிந்துவிட்டது மேடம்' என்று மெசேஜ் அனுப்பினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் லைன் வீடுகள். வெளியூர் ஆட்கள் குடியிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம். கடையில் ஒரு சிறுமி முட்டை வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் திரும்பியபோது புறா பிடித்த குழந்தை என்னைப் பார்த்தது. பக்கத்தில் போய் அவள் கழுத்துப் பட்டியைப் பார்த்தேன். பையர் பேர் இருக்கிற லேபிளை வெட்டி எடுத்திருந்தார்கள்.

நேராகக் காதர்பேட்டைக்குப் போனேன். கம்பெனிகளில் மீந்ததும் கழித்ததும் விலைக்கு வருகிற இடம் அதுதான். மூன்றாவது கடையிலேயே தொங்கியது. கடைக்காரருக்கு நான் யாரென்று தெரியாது. "எடுத்துட்டுப் போங்க பாய், பேத்திக்குப் போட்டா அப்படி இருக்கும்! துணி நைஞ்சாலும் பிரிண்ட்டு போகாது. எந்தக் கம்பெனி வேலையோ, அந்தக் கைக்குத் தங்கக் காப்பே போடலாமுங்க" என்றார். மீதி எங்கே என்று கேட்டேன். கரூர், சேலம், ஈரோட்டுச் சந்தைக்கெல்லாம் போய்விட்டது என்றார். அவரிடம் தொங்கியதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி, "யாருக்குங்க இத்தனை?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் முதலாளி அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "டீ குடிங்க பாய்" என்றார்.

"அதையெல்லாம் வெட்டறதாத்தானுங்களே மொதலாளி பேச்சு?"

"ஏனுங்க பாய், துணி என்னுங்க பாவம் பண்ணுச்சு? எத்தன பேரு ஒழைப்பு. நம்ம ஊர்ல யாருங்க லத்தீன் படிக்கறாங்க? இல்லாதபட்ட புள்ள ஒண்ணு நல்ல துணி போட்டுக்கிட்டுப் போவுது. அதுல என்னுங்க தப்பு?"

"நான் அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேனுங்க."

அவர் மேஜைமேல் கிடந்த துணியைத் தேய்த்தார். "அது நீங்க குடுத்த வாக்குங்க பாய். எம்பட வாக்கு இல்லீங்களே" என்றார், ரொம்ப மெதுவாக.

வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. டீயைக் குடித்துவிட்டு செக்‌ஷனுக்குப் போனேன். அன்றைக்குப் பட்டாம்பூச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் ஓய்வு பெறுகிறவரை அங்கேதான் இருந்தேன்.

அடுத்த சீசனுக்கு பாவ்லா வந்தார். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும் என்று காத்திருந்து, அவர் காரில் ஏறப் போகும்போது சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அன்றைக்கு என் காலை வாரிவிட்டது.

"முடிந்துவிட்டது என்று எழுதினீர்களே?" என்றார்.

"எழுதினேன்."

"அப்போது தெரியுமா?"

"தெரியாது மேடம். மூட்டை குறைவா இருந்தது. கேக்காம விட்டுட்டேன்."

அவர் கார்க் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "அந்தச் சட்டையைப் போட்டிருக்கிற குழந்தை யாராவது இருக்கிறாளா? நான் பார்க்க வேண்டும்" என்றார்.

பின்தெருச் சிறுமியின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பெயர் பிங்கி. பீகாரிலிருந்து வந்த குடும்பம். அப்பா சாயப்பட்டறையில், அம்மா செக்கிங்கில் வேலை. வெள்ளைக்காரம்மா வந்து வாசலில் நிற்கவும் அந்தத் தாய் பயந்துபோய் முக்காட்டை இழுத்துக்கொண்டார். பிங்கிக்குப் பயமில்லை. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், நம்மைவிட நன்றாக நம் ஊர்ப் பேச்சுப் பேசினாள். அந்தப் பனியனைத்தான் போட்டிருந்தாள். துவைத்துத் துவைத்து வெள்ளைத் துணி நீலம் பாய்ந்து மங்கியிருந்தது. சிவப்பு எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் நின்றது. ஒரு புள்ளிகூடக் கரையவில்லை. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பாவ்லா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எழுத்தைப் படித்தார். இந்தத் தடவை வாய்விட்டு.

பிங்கி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். "இவிங்களுக்கு இது படிக்கத் தெரியுமுங்களா?" என்று என்னிடம் கேட்டாள். "என்னுங்க எழுதியிருக்குது? ஸ்கூல்ல டீச்சருக்கே தெரியலீங்க."

நான் பாவ்லாவைப் பார்த்தேன். கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு பெண்ணின் பெயர் என்று சொல்லுங்கள். அவளுடைய அப்பா அம்மாவுக்கு அவள் சர்க்கரை மாதிரி என்றும் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

"என்ன பேருங்க?"

"வலேரியா" என்றார் பாவ்லா, நேராக அவளிடமே.

"வலேரியா." பிங்கிக்கு அந்தப் பேர் நாக்கில் சுலபமாக வந்தது. "பெரிய பொண்ணுங்களா?"

"ஆறு வயசு கண்ணு" என்றேன்.

"எனக்கு ஏழு" என்றாள் பிங்கி. கொஞ்சம் கணக்குப் போட்டாள். "அப்ப நாந்தானுங்க அக்கா."

அவள் அம்மா சிரித்தார். பாவ்லா என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். எளிமையான நாலு இங்கிலீஷ் வார்த்தைதான். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அவர் மறுபடி கேட்டார். சொன்னேன். பாவ்லா பிங்கியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். இங்கிலீஷ் இல்லை, அவருடைய பாஷை. கடைசிவரைக்கும் அந்தச் சட்டையை அவர் கேட்கவில்லை.

காரில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பெனி கேட்டில் என்னை இறக்கிவிடும்போது, "இனிமேல் சரக்கை அழித்தால் போட்டோ அனுப்பிவிடுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அனுப்பினேன். வெட்டுவதற்கு முன்னால் ஒன்று, வெட்டும்போது ஒன்று, மூட்டைகளோடு ஒன்று. உடனே நன்றி என்று பதில் வரும். முன்னெல்லாம் அவர் ரஹீம் என்று மட்டும்தான் எழுதுவார். அதற்குப் பிறகு வந்ததிலெல்லாம் மிஸ்டர் ரஹீம் என்றுதான் இருந்தது.